1.7 கிலோ கூடியதால் வெளியேற்றம்: உலக மல்யுத்த சாம்பியன்ஷிப் எடை விதி என்ன சொல்லுது?

2025 செப்டம்பர், குரோஷியாவின் ஜாக்ரெப். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய வீரர் அமன் ஷெராவத், உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு மோதலில்கூட இறங்காமல் வெளியேற்றப்பட்டார். 57 கிலோ பிரிவில் அவர் எடை 1.7 கிலோ கூடுதல்.

எத்தனை பிரிவுகள்?

ஆண்கள் ஃப்ரீஸ்டைல், கிரேக்க-ரோமன், பெண்கள் ஃப்ரீஸ்டைல் என 3 வகை. ஒவ்வொன்றிலும் 10 எடைப் பிரிவு; மொத்தம் 30 தங்கம். ஒலிம்பிக்கில் 18 தான்.

எடை எப்போ பார்ப்பாங்க?

ஒரு பிரிவுக்கு 2 நாள் போட்டி. முதல் நாள் காலை 30 நிமிடம் எடை பார்ப்பார்கள். மறுநாளும் மோத வேண்டியவர்களுக்கு 15 நிமிடம். அதற்குள் எத்தனை தடவை வேணும்னாலும் தராசில் ஏறலாம். ஆனால், போட்டி உடையின் எடையைக் கழிக்க மாட்டாங்க.

கூடினால்?

கடைசி இடம்தான். முதல் நாள் ஜெயிச்சிருந்தாலும் பலன் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப்போட்டிக்கு வந்த வினேஷ் போகத், 100 கிராமால் பதக்கத்தை இழந்ததும் இந்த விதியால்தான்.

ஏன் இந்தச் சிக்கல்?

இயல்பான எடையைவிட குறைந்த பிரிவில் மோதுவது பலரின் வழக்கம். தண்ணீர், சாப்பாட்டைக் குறைத்து, வியர்க்க வைத்து எடையை இறக்குவாங்க. பாரிஸில் இதே அமன், வெண்கலப் போட்டிக்கு முன் சுமார் 10 மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார். இப்படி உடம்பை வருத்துவதைத் தடுக்கத்தான் 2018 முதல் 2 நாள் எடை சோதனை. ஆனால், முதல் நாள் சாப்பிட்டதும் எடை ஏறிடுது. அன்றிரவே மறுபடி குறைக்க வேண்டியிருக்கு.