புளித்த கோவாவும் பழஞ்சோறும்

தமிழகத்தார் முட்டைக்கோசு என்பதை இலங்கையில் நாம் கோவா என்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை அமைத்த காலத்திலிருந்து ஐரோப்பிய மரக்கறிகள் மலையக மண்ணில் வேரூன்றின. மஸ்கெலியாவில் எங்கள் லயத்தின் பின்புறத்திலும் கோவாப் பாத்திகள் இருந்தன. சுண்டலாகவும் குழம்பாகவும் உண்டோம். புளிக்கவைத்து உண்டவர் எவரையும் நான் கண்டதில்லை.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். விலை விழுந்ததால் வெட்டப்படாத கோவா பாத்தியிலேயே வெடித்து அழுகிக்கிடந்தது. தென்கொரியாவில் வேலைசெய்து திரும்பிய உறவுக்கார இளைஞர் கேட்டார்: “ஏன் மாமா, அங்க கிம்ச்சி இல்லாம ஒரு வேளைச் சாப்பாடு கெடையாது. நம்ம ஆளுங்க மட்டும் ஏன் இத சாடியில போட்டு வைக்கல?”

நியாயமான கேள்வி. செய்முறையோ எளிது. ஒரு கிலோ கோவாவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. மெல்லியதாக அரிந்து பிசைந்தால் நீர் விடும். அந்த நீரில் மூழ்கும்படி அழுத்தி மூடிவைத்தால், காற்றுப் புகாத இடத்தில் லாக்டிக் அமில பக்டீரியாக்கள் பெருகும். அவை உண்டாக்கும் புளிப்பு அழுகலைத் தடுக்கும். 20 பாகை செல்சியஸ் அளவில் மூன்று, நான்கு வாரங்களில் பதமாகும். மஸ்கெலியாவின் குளிர் இதற்கு ஏற்றதே.

ஜேர்மானியர் இதனை இறைச்சியோடும் உருளைக்கிழங்கோடும் வேகவைத்து உண்பர். 1768இல் புறப்பட்ட கப்டன் ஜேம்ஸ் குக், ஸ்கர்வி நோய்க்குக் காப்பாக இதனைக் கப்பலில் ஏற்றிச்சென்றார். மாலுமிகள் முகஞ்சுளித்தனர். அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் பரிமாறச் செய்தார் குக். அதைக் கண்ட மாலுமிகளும் கேட்டு வாங்கினர். கொரியர் சீனக் கோவாவில் மிளகாயும் பூண்டும் சேர்த்துச் செய்யும் கிம்ச்சி, சூப்பாகவும் வறுத்த சோறாகவும் உருமாறும். அதனைக் கூடிச் செய்யும் மரபை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது.

பனிக்காலத்தில் எதுவும் விளையாத நாடுகளின் தேவையிலிருந்து பிறந்த உணவு இது. மலையகத்தில் ஆண்டு முழுவதும் பச்சை இலை கிடைக்கும். ஆகவே தேவை எழவில்லை எனலாம். ஆயினும் அது பாதி விடைதான். புளிக்கவைக்கும் கலையை நம்மவர் அறியாதவர் அல்லர். இரவு நீரூற்றிய சோறு காலையில் பழஞ்சோறானதும் அதே வகை பக்டீரியாக்களின் வேலையே. ஓர் இரவுக்கான சேமிப்பு அது. ஒரு மாதத்துக்கான சாடியை ஏன் வைக்கவில்லை?

1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது எனக்கு நான்கு வயது. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த அந்த நாள்களில் பழஞ்சோற்றுக்கும் சோறு மிஞ்சவில்லை என்பார் எங்கள் அப்பாயி. ஒரு சாடி கோவா அந்தப் பசியைத் தீர்த்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், சாடி வைப்பதற்கு மூன்று வேண்டும்: மிஞ்சும் விளைச்சல், வைக்க இடம், அடுத்த மாதமும் அதே வீட்டில் இருப்போம் என்ற உறுதி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஒரு குடும்பம். காம்பிராவும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கியது. நாளை எங்கிருப்போம் என்றறியாதவர் இன்றிரவுக்கு மட்டுமே நீரூற்றி வைத்தனர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் நிலைக்கு முடிவு கட்டியது. காணியுரிமையோ பெரும்பாலானோருக்கு இன்னும் கைகூடவில்லை. அந்த இளைஞர் இப்போது ஒரு சாடியில் கோவாவை உப்பிட்டு வைத்திருக்கிறார். அடுத்த பயணத்தில் சுவைத்துப் பார்க்க வேண்டும்.