அழையாத நண்பன்

1983-ல் அமெரிக்காவில் வெளியான ஸ்கார்செஸியின் 'தி கிங் ஆஃப் காமெடி' அன்று ஓடவேயில்லை. டிவி நட்சத்திரம் ஜெர்ரியைத் தன் ஆத்ம நண்பனாகத் தானே வரித்துக்கொண்ட ரூபர்ட், பெட்டியோடு அவர் வீட்டுக்கே போய் நிற்கிறான். விரட்டியதும் ஆளையே கடத்துகிறான், பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி!

ராபர்ட் டி நீரோ ரூபர்ட்டாக அசத்தியிருப்பார். ஆனால் ஜனங்கள் எப்படிச் சிரிப்பார்கள்? 1980 டிசம்பர் 8 அன்று ஜான் லெனனிடம் மாலையில் கையெழுத்து வாங்கிய ரசிகனே இரவில் அவரைச் சுட்டுக் கொன்றான். மறு மார்ச்சில் அதிபர் ரீகனைச் சுட்டவனோ, நடிகை ஜோடி ஃபாஸ்டரின் கவனத்தைக் கவரவே சுட்டான். அவனுக்குப் பித்தேற்றியது இதே ஸ்கார்செஸி-டி நீரோ ஜோடியின் 'டாக்ஸி டிரைவர்'.

நம் தலைமுறையைச் சிரிக்க வைத்த ஜெர்ரி லூயிஸ்தான் அந்த நட்சத்திரம். இதில் முகத்தில் சிரிப்பே கிடையாது. தெருவில் போன் பேசிக்கொண்டிருக்கும் பெண்மணி, தன் உறவினரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்கிறாள். மறுத்ததும் புற்றுநோய் வரச் சபிக்கிறாள். அது லூயிஸுக்கு நிஜமாகவே நடந்ததாம்.