பெட்டிக்குள் எவ்வளவு காற்று

ஒரு ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் வெறுமனே மேஜைமேல் வைத்துப் பாடவிட்டுப் பாருங்கள். குரல் கேட்கும், ஜால்ரா கேட்கும், பாஸ் மட்டும் காணாமல் போயிருக்கும். ஸ்பீக்கரின் கூம்புக் காகிதம் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றை நெருக்குகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. தாழ்ந்த ஒலியில் இந்த இரண்டும் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நடுவில் ஒரு பலகை வைத்தால் அழிவு குறையும். அந்தப் பலகையை நாலு பக்கமும் மடித்தால் பெட்டி. ஸ்பீக்கர் பெட்டி என்பது அடிப்படையில் அவ்வளவுதான்.

1925-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய ஸ்பீக்கரின் மூதாதையை உலகுக்குக் காட்டியபோதே பலகையின் தேவை தெரிந்துவிட்டது. 1932-ல் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ், பெட்டியில் இன்னொரு துளை போட்டுப் பின்பக்க ஒலியையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று காப்புரிமை பெற்றார். இன்று பெரிய பெட்டிகளின் கீழே தெரியும் அந்தப் பொந்து அவர் வழி வந்தது.

எனக்கு ஆர்வம் இன்னொரு துளையில். ஸ்பீக்கரே உட்காரும் துளை. அதன் அளவை யார் முடிவுசெய்தார்கள்? மாற்றினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குச் சரியான வரலாறு கிடார் பெட்டியில் இருக்கிறது. 1951-ல் லியோ ஃபெண்டரின் கம்பெனி பிரிசிஷன் பாஸ் என்ற மின்சார பாஸ் கிடாரைக் கொண்டுவந்தது. அதன் கடைசிக் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். சாதாரண கிடாரின் கடைசிக் கம்பி 82. அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தாங்க 1952-ல் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயர் வந்தது. உள்ளே ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். இரண்டே வருஷத்தில் கம்பெனி மனம் மாறியது. 1954-ன் பிற்பகுதியில் வந்த பாஸ்மேனில் 15 போய் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் உட்கார்ந்தன.

சும்மா கணக்குப் போட்டாலே காரணம் கொஞ்சம் புரியும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15-ன் வர்க்கம் 225. நான்கு 10 என்றால் 400. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு காற்றைத் தள்ளலாம். மின்சுமையும் நாலாகப் பிரிகிறது. வேடிக்கை என்னவென்றால், பாஸுக்காகச் செய்த அந்தப் பெட்டியை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் சாதாரண கிடார்காரர்கள்.

அடுத்த காட்சி லண்டனில். ஹேன்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் தன் ஆட்களோடு சேர்ந்து பாஸ்மேனைப் பார்த்து ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். மின்சுற்று கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கைக்குக் கிடைத்த ஸ்பீக்கர் வேறு: இங்கிலாந்தின் செலஸ்டியன் கம்பெனி செய்த 12 அங்குலம். ஒன்று 20 வாட் அளவுக்குத்தான் தாங்கும். இரண்டு போட்டால் எரிந்துபோகிற அபாயம், ஆகவே நான்கு. நான்கு 12 அங்குலத்தை அடக்கப் பெட்டி பெருத்தது. ஆம்ப்ளிஃபயர் தனியாக மேலே ஏறி உட்கார்ந்தது. பாஸ்மேன் முதுகு திறந்த பெட்டி, மார்ஷல் முதுகை மூடிவிட்டார். ராக் இசை மேடைகளின் பின்னால் சுவர்போல் அடுக்கி நிற்கும் பெட்டிகள் இப்படி வந்தவை. சூத்திரத்திலிருந்து பிறந்தவை அல்ல, கைக்கு எந்த அளவு ஸ்பீக்கர் கிடைத்ததோ அதிலிருந்து பிறந்தவை.

சூத்திரம் அதே காலத்தில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், ஒரு ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொள்ளளவுள்ள பெட்டி, எவ்வளவு நீளப் பொந்து என்று கணக்கிடும் முறையை வெளியிட்டார். பத்து வருஷம் அது பரவலாகத் தெரியாமலே கிடந்தது. 1971-ல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழ் மறுபதிப்புச் செய்த பிறகே, ரிச்சர்ட் ஸ்மாலின் கட்டுரைகளோடு சேர்ந்து, உலகமெங்கும் போனது. இன்று நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் கூடவே வரும் எண் பட்டியல் இந்த இருவர் பெயரில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சி, கொள்ளிடத்துக்கு வடக்கே. அடைக்கல மாதா கோயில் திருவிழா, சுற்றுவட்டாரக் கோயில் கொடைகள், கல்யாணம், காதுகுத்து என்று வருஷம் முழுக்க மைக்செட்டுக்கு வேலை உண்டு. என் சித்தப்பா ஒருவர் இந்தத் தொழிலில் இருந்தவர். அவர் தொடங்கிய காலத்தில் பெட்டியே கிடையாது, எல்லாம் குழாய். பனைமரத்திலோ தென்னையிலோ கட்டிவிட்டால் பக்கத்து ஊருக்கும் கேட்கும். பெட்டியில் வைத்த சாதாரண ஸ்பீக்கர், தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஓரிரு பங்கைத்தான் ஒலியாக்கும். குழாய் அதைப் போலப் பல மடங்கு ஆக்கும். பாஸ் வராது. ஆனால் அறிவிப்புக்கும் பக்திப் பாட்டுக்கும் அது போதும்.

பிறகு சட்டம் வந்தது. 2000-ல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரையிலான தடையை உறுதிப்படுத்தியது. தமிழ்நாட்டில் திருவிழாவுக்குக் காவல்துறை அனுமதி தரும்போது ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி மட்டும்’ என்பது வழக்கமான நிபந்தனையானது. தூங்க முடியாதவர்களின் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான நிபந்தனை. மைக்செட்காரர்களின் பக்கம் நின்று பார்த்தால், மொத்த முதலீடும் ஒரு வரியில் காயலான் சரக்காயிற்று.

அப்போது தொடங்கியதுதான் பெட்டி மாற்றும் வேலை. புதுப் பெட்டி வாங்கக் காசில்லை. யாரோ விற்ற 15 அங்குலப் பழைய பெட்டிகள் கிடைக்கும், ஸ்பீக்கர் எரிந்திருக்கும். புது 15 விலை அதிகம், 12 கட்டுப்படியாகும். ஆகவே 15 துளையில் 12-ஐ உட்கார வைக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிது. 12 அங்குலம் என்பது சட்டத்தின் வெளி விட்டம். பலகையில் வெட்ட வேண்டிய துளை சுமார் 11 அங்குலம்தான். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி, பழைய துளைமேல் பசையும் திருகும் போட்டு இறுக்கினால் ஸ்பீக்கர் உட்கார்ந்துவிடும். எதிர்த்திசையில் போவதுதான் ஆபத்து. 10-ஐ எடுத்துவிட்டு 12 போடத் துளையைப் பெரிதாக்கினால் ஓரத்தில் மரம் மிச்சமிருக்காது; பலகை தானே அதிரத் தொடங்கும். காந்தம் பின்பலகையில் இடிக்கும்.

ஆனால் வளையம் போட்டதும் வேலை முடிவதில்லை. 15-க்காகச் செய்த பெட்டியில் காற்று அதிகம். 12-க்குப் பொதுவாக அவ்வளவு தேவையில்லை. பெட்டி தளர்ந்து, பாஸ் ‘தொம் தொம்’ என்று வழியும். சித்தப்பா இதற்குப் பெட்டிக்குள் மரக்கட்டைகளைத் திருகுபோட்டு இறுக்குவார். ஒரு தடவை நான் விடுமுறையில் போனபோது, எதுக்கு இத்தனை கட்டை என்று கேட்டேன்.

“பெட்டி தம் கட்டணும்டா. ஆளுக்குத் தகுந்த சட்ட போடணும்ல? தொளதொளன்னு இருந்தா எப்படி?”

அன்றிரவு லேப்டாப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 லிட்டர் பெட்டி, பொந்து 40 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். கட்டையால் காற்றைப் பாதியாக்கினால் அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். திரும்ப இறக்கப் பொந்தின் நீளத்தை இரட்டிப்பாக்க வேண்டும். மறுநாள் இதைச் சொன்னபோது, சித்தப்பா பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு பிவிசி குழாயை இழுத்துக் காட்டினார். பொந்தோடு சொருகியிருந்தது. “நீளம் எவ்வளவுன்னு கேக்காத தம்பி. தவில் சத்தம் சரியா வர்ற வரைக்கும் அறுத்துக்கிட்டே வந்தேன்.”

தீலின் சூத்திரத்தையும் இதையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். சூத்திரம் இருந்தால் குழாயைப் பத்து தடவை அறுக்க வேண்டாம். முன்பின் தெரியாத பெட்டிக்கும் பதில் சொல்லலாம். ஆனால் மார்ஷல் கடையில் நடந்ததும் ஏலாக்குறிச்சியில் நடந்ததும் ஒரே வகை வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்று உலகப் புகழ் பெற்றது, மற்றொன்று வாடகைக்குப் போய்வந்தது.

எங்கள் ஊரில் மாற்றியமைத்தல் பற்றிப் பேசும்போது வீரமாமுனிவரை விட்டுவிட முடியாது. இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி, இங்கே தங்கிப் பணி செய்தவர். பழைய எழுத்து முறையில் எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைப்பார்கள். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் வைக்காமல் விடுவதும் உண்டு. எது குறில், எது நெடில் என்று குழம்பும். எகரத்துக்குக் கீழே ஒரு கோட்டை இழுத்து ஏகாரத்தைப் பிரித்தவர் அவர் என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. புது எழுத்து வார்க்கவில்லை. இருந்த எழுத்தில் ஒரு சின்ன இணைப்பு, அவ்வளவே. அந்த இணைப்போடுதான் ஏலாக்குறிச்சி என்ற பெயரே தொடங்குகிறது.

இணைப்புப் போட முடிகிற பொருள்தான் அடுத்தவர் கைக்குப் போகும். இன்று மைக்செட்காரர்கள் வாங்குவது பிளாஸ்டிக் வார்ப்புப் பெட்டி. ஆம்ப்ளிஃபயரும் ஒலித் திருத்தம் செய்யும் சில்லும் உள்ளேயே இருக்கும். தூக்க லேசு, சத்தமும் சுத்தம். அதிலுள்ள ஸ்பீக்கருக்கு மட்டுமே பொருந்தும்படி எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாடல் நின்றுபோனால் வேறு அளவை வைக்க வளையமும் உதவாது, கட்டையும் உதவாது. அப்படி மாற்றவிடாத மென்பொருளை எழுதும் தொழிலில்தான் நானும் இருக்கிறேன் என்பதால், இதை வெளியாள் குறையாகச் சொல்லவில்லை. சித்தப்பாவின் பெட்டிகளை வாங்கிப்போன பையன், அதில் இப்போது 12-ஐக் கழற்றிவிட்டு இரண்டு 8 போட்டிருக்கிறான். வளையத்தின் மேல் இன்னொரு பலகை. கேட்டால், தவிலுக்கு இல்லையாம், கீபோர்டுக்காம்.