பேசப்படாத ஒரு வண்டியின் வரலாறு



பைக்கில் லடாக் போவது, நேபாளம் போவது எல்லாம் இப்போது நம் பிள்ளைகளிடம் சாதாரணமாகிவிட்டது. கூடவே எந்த வண்டி உசத்தி என்ற வாக்குவாதமும் வளர்ந்துவிட்டது. பிஎம்டபிள்யூ என்கிறார் ஒருவர், கேடிஎம் என்கிறார் இன்னொருவர். அந்தப் பேச்சில் அநேகமாக வராத ஒரு பெயரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். யமஹா சூப்பர் டெனரே. யமஹா என்றதும் நம் ஊரில் ஆர்எக்ஸ் 100 நினைவுக்கு வரும். அதே நிறுவனம் 2010இல் ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த 1,199 சிசி வண்டி இது. தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவதற்கென்று செய்யப்பட்டது. வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் மனம் நிறைந்து பேசினார்கள். மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் அப்படி? கேட்பதற்கு வண்டியைப் பற்றிய கேள்வி போல இருக்கும். உண்மையில் புகழ் எப்படி உண்டாகிறது என்ற வரலாற்றுக் கேள்வி இது.

முதலில் பெயரைப் பார்ப்போம். டெனரே என்பது சகாராவின் தென்பகுதியில், பெரும்பாலும் நைஜர் நாட்டில் இருக்கும் ஒரு மணற்பரப்பு. துவாரெக் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாலைவனம் என்றே பொருள். அங்கே ஒரு தனி வேலமரம் நின்றிருந்தது. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு வேறு மரமே கிடையாது. ஒட்டக வணிகர்கள் அதை வழிகாட்டியாக வைத்துத்தான் பாலைவனத்தைக் கடந்தார்கள். 1930களின் இறுதியில் அதன் அருகே கிணறு தோண்டியபோது, வேர் முப்பது மீட்டருக்கும் கீழே போய் நீரைத் தொட்டிருந்தது தெரிந்தது. 1973இல் ஒரு லாரி மோதி அந்த மரம் விழுந்தது. இன்று அது நைஜரின் தலைநகர் நியாமியில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தின் பெயரை வண்டிக்கு வைத்ததற்கு ஒரு பந்தயம் காரணம்.

1977இல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், அபிஜான்-நீஸ் பந்தயத்தில் பைக் ஓட்டியபோது சகாராவில் வழி தவறினார். சாவின் விளிம்பு வரை போய் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் அந்தப் பாலைவனத்தின் அழகை மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். பாரிஸிலிருந்து செனகல் நாட்டின் டக்கார் வரை, சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார். 1978 டிசம்பர் 26 அன்று 182 வண்டிகள் கிளம்பின. டக்கார் போய்ச் சேர்ந்தவை 74. பைக்கில் முதலில் வந்தவர் சிரில் நெவு. அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500, ஒற்றை சிலிண்டர் வண்டி. அடுத்த ஆண்டும் அவரே அதே வகை வண்டியில் வென்றார்.

அந்தப் புகழை வைத்து 1983இல் யமஹா எக்ஸ்டி 600 இசட் டெனரே என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெட்ரோல் டேங்க் கிட்டத்தட்ட 30 லிட்டர். நம் ஊர்ச் சாதாரண பைக் டேங்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாலைவனத்தில் பங்க் கிடையாது அல்லவா, அதனால்தான். 1989இல் 749 சிசி, இரட்டை சிலிண்டர் சூப்பர் டெனரே வந்தது. 1991 முதல் 1998 வரையிலான எட்டு டக்கார் பந்தயங்களில் ஏழில் யமஹா வென்றது. அதில் ஆறு வெற்றி ஸ்டெஃபான் பீட்டரான்செல் என்ற ஒரே மனிதருடையது. 1996இல் எடி ஒரியோலி வென்றார். பந்தயத்தில் ஓடியவை அதற்கென்றே தயார் செய்யப்பட்ட வண்டிகள். கடையில் விற்றவற்றோடு அவற்றுக்குப் பெயரும் சாயலும்தான் பெரிய ஒற்றுமை. ஆனாலும் பாலைவனத்தைக் கடந்த குடும்பம் என்ற பெருமை கடை வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 1990களின் பிற்பகுதியில் யமஹா அந்த 750 சிசி சூப்பர் டெனரேயை நிறுத்திவிட்டது. அதன் பிறகு பத்து ஆண்டுக்கும் மேலாக அந்தப் பெயரில் பெரிய வண்டியே இல்லை.

அந்த இடைவெளியில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 1980இலேயே ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்திருந்தது. 1981, 1983, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் டக்காரையும் வென்றது. அந்த வரிசையை நிறுத்தாமல் வளர்த்துக்கொண்டே வந்தது. 2004இல் இவான் மெக்ரெகர், சார்லி போர்மன் என்ற இரண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பி, கசகஸ்தான், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா வழியாக நியூயார்க் வரை பைக்கில் போனார்கள். முதலில் அவர்கள் கேடிஎம் நிறுவனத்தைத்தான் நாடினார்கள். அது பின்வாங்கிவிட்டது. பிஎம்டபிள்யூ வண்டி கொடுத்தது. அந்தப் பயணம் தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதன் பிறகு உலகம் சுற்றும் பைக் என்றால் மக்கள் மனதில் பிஎம்டபிள்யூ ஜிஎஸ் என்று பதிந்துவிட்டது. அது நல்ல வண்டிதான், பெயருக்குத் தகுதியானதுதான். ஆனால் அந்த நேரத்தில் யமஹா களத்திலேயே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

2010இல் சூப்பர் டெனரே திரும்பி வந்தது. அதன் உடற்கூற்றைக் கொஞ்சம் பாருங்கள். 1,199 சிசி, இரண்டு சிலிண்டர், 110 குதிரைத்திறன், 23 லிட்டர் டேங்க். பின்சக்கரத்துக்கு சக்தி போவது செயின் வழியாக அல்ல, ஷாஃப்ட் வழியாக. செயின் என்றால் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும், இறுக்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஷாஃப்ட் உறைக்குள் சுழல்வதால் மணலும் சேறும் அதை அண்டாது. தூரம் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

இன்ஜினில் இன்னொரு விஷயம். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். இரண்டும் சம இடைவெளியில், 360 டிகிரிக்கு ஒன்றாக வெடிக்கும்படி செய்யலாம். யமஹா அப்படிச் செய்யவில்லை. 270 டிகிரி, பிறகு 450 டிகிரி என்று ஏற்றத்தாழ்வாக வைத்தது. வெடிப்பின் தாளம் மாறுவதால், வழுக்கும் மண்ணில் பின்டயர் பிடிப்பதை ஓட்டுபவர் நன்றாக உணர முடிகிறது என்பது அதன் பின்னாலுள்ள எண்ணம்.

சரி, ஓட்டியவர்கள் என்ன சொன்னார்கள்? குறையிலிருந்தே தொடங்குவோம். எல்லாரும் சொல்லும் முதல் குறை எடை. பெட்ரோலோடு 261 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை மூன்றரையை இரண்டு சக்கரத்தில் வைத்துத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணலில் சாய்ந்துவிட்டால் ஒற்றை ஆளாகத் தூக்குவது பெரும்பாடு. இரண்டாவது குறை ஏபிஎஸ். மண் பாதையில் அதை நிறுத்திவைக்க அனுபவசாலிகள் விரும்புவார்கள். இந்த வண்டியில் அதற்கு சுவிட்ச் இல்லை. மூன்றாவது, முன் கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று தலையில் அடிக்கிறது என்பது, முக்கியமாக உயரமானவர்களுக்கு. நான்காவது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டைமிங் செயின் பக்கம் வரும் சத்தம். ஆரம்ப கால வண்டிகளில் இது பலருக்குக் கவலை.

நிறைகளைப் பட்டியலிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். அவை எல்லாமே நடக்காத விஷயங்கள். வழியில் நிற்கவில்லை. செயின் அறவில்லை. எண்ணெய் கசியவில்லை. வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சுமார் 40,000 கிலோமீட்டர் வரை பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்கவில்லை. நகரத் தொடங்கிவிட்டால் அந்த 261 கிலோ எங்கே போனதென்றே தெரியவில்லை என்கிறார்கள். எடையைக் கீழே வைத்துக் கட்டியதால் வரும் பலன் அது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவர்கள் அதைப் பெருமையாக அல்ல, இயல்பான விஷயமாகச் சொல்வதை நிறையப் பார்க்கலாம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இவ்வளவு நல்ல வண்டி ஏன் பேசப்படவில்லை?

ஒரு காரணம் நான் மேலே சொன்ன இடைவெளி. கதை சொல்லப்பட்ட காலத்தில் அது களத்தில் இல்லை. இரண்டாவது காரணம் எண்கள். இது வந்த அதே 2010இல் டுகாட்டி 150 குதிரைத்திறனோடு மல்டிஸ்ட்ராடா 1200ஐக் கொண்டுவந்தது. 2013இல் பிஎம்டபிள்யூ 125க்கு உயர்ந்தது, கேடிஎம்மும் 150ஐ எட்டியது. யமஹா 2014இல் புதுப்பித்தபோது குரூஸ் கன்ட்ரோலும் மின்னணு சஸ்பென்ஷனும் கொடுத்தது. சக்தியை மட்டும் 112 என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. பத்திரிகையில் நான்கு வண்டிகளை வரிசையாக வைத்து அட்டவணை போட்டால் இது கடைசி வரிசையில் உட்காரும். சரளைக்கல் பாதையில் 150 குதிரைத்திறனை முழுதாகப் பயன்படுத்துகிறவர் எத்தனை பேர் என்று அந்த அட்டவணை கேட்பதில்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. புதிய வண்டியை விமர்சிப்பவர் அதைச் சில நாட்கள் ஓட்டுகிறார். சில நாளில் வேகம் தெரியும், பளபளப்பு தெரியும், எடையும் தெரியும். உழைப்பு தெரியாது. அது தெரிய ஐந்து ஆண்டு ஆகும். அதற்குள் விமர்சகர் அடுத்த வண்டிக்குப் போயிருப்பார். நடுவழியில் நின்றுபோன வண்டிக்கு ஒரு கதை உண்டு. சொந்தக்காரர் அதைப் பத்து பேரிடம் சொல்வார். நிற்காத வண்டிக்குக் கதை கிடையாது. கிளம்பினேன், போய்ச் சேர்ந்தேன் என்பதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

முடிவு இப்படி ஆனது. 2019இல் யமஹா டெனரே 700 என்ற இலகுவான வண்டியை விற்பனைக்கு விட்டது. எடை சுமார் 205 கிலோ, எளிமையான அமைப்பு. அது உலகெங்கும் நல்ல பெயர் எடுத்தது. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் யூரோ 5 புகை விதி கட்டாயமானது. 1200ஐ அதற்கேற்ப மாற்றாமல், அங்கே அதன் விற்பனையை யமஹா முடித்துக்கொண்டது. விழா இல்லை, கடைசி வண்டிக்கு மாலை இல்லை. சந்தடியில்லாமல் வந்தது போலவே சந்தடியில்லாமல் போனது.

வகுப்பறையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. சேட்டை செய்பவன் பெயரும் முதல் மதிப்பெண் வாங்குபவள் பெயரும் ஆசிரியர் அறையில் தினமும் அடிபடும். நடு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் போகும் பிள்ளையைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், ஒரு குடும்பத்தையோ ஒரு அலுவலகத்தையோ தாங்கி நிற்பது பல நேரம் அந்தப் பிள்ளைதான்.

ஆகவே பிள்ளைகளே, வண்டி வாங்கும்போது அட்டவணையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, அந்த வண்டியை ஐந்து ஆண்டு வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். என்ன வேகம் போகும் என்று கேட்க வேண்டாம். இதுவரை என்னென்ன பழுது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் யோசித்து யோசித்து, "பெரிதாக ஒன்றும் இல்லையே" என்றால் அதுதான் நீங்கள் தேடிய பதில். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும், வேலைக்கானாலும் வரனுக்கானாலும், இதே கேள்வி உதவும்.

உங்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள், உங்கள் வண்டி உங்களை எத்தனை ஆண்டு கைவிடாமல் கொண்டுபோயிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். என்ன வண்டி என்றாலும் சரி, டிவிஎஸ் 50 ஆனாலும் சரி. தலைக்கவசம் அணிந்து ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்