நீர்ம அழுத்தக் கிளட்ச் (மோட்டார் சைக்கிள்)

நீர்ம அழுத்தக் கிளட்ச் அல்லது ஹைட்ராலிக் கிளட்ச் என்பது, மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிடியை அழுத்தும் விசையைக் கம்பிக்குப் பதிலாக ஒரு நீர்மத்தின் வழியே கிளட்ச்சுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு ஆகும். ஹொண்டா விஎஃப்ஆர்800, சுசூக்கி ஹயபூசா, டுகாட்டியின் பல வண்டிகள் ஆகியவற்றில் இது உள்ளது. கம்பி அறுவதற்கு முன் பெரும்பாலும் அதன் இழைகள் பிரிந்து எச்சரிக்கும். நீர்ம அமைப்பிலோ காலையில் சரியாக இருந்த பிடி மாலையில் எதிர்ப்பின்றிக் கைக்குள் வந்துவிடக்கூடும்.

அமைப்பு

பிடியை ஒட்டி முதன்மை உருளையும் நீர்மக் கிண்ணமும் இருக்கும். அங்கிருந்து வரும் குழாய் எஞ்சினருகே உள்ள துணை உருளையில் முடிகிறது. பட்டறைகளில் இவை மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் என வழங்கப்படும். துணை உருளையின் பிஸ்டன் ஒரு தள்ளுகோலை நகர்த்த, கிளட்ச் பிளேட்டுகள் பிரிகின்றன.

பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பவை சுருள்வில்கள். நீர்மத்தின் வேலை பிரிப்பது மட்டுமே. எனவே நீர்ம அமைப்பு பழுதானால் கிளட்ச் பிரியாது. கியரிலிருந்து நியூட்ரலுக்கு வராது, நிற்கும்போது எஞ்சின் அணையும். மாறாக, எஞ்சின் இரைந்தும் வண்டி வேகமெடுக்காவிட்டால் தேய்ந்த பிளேட்டையே முதலில் ஐயுற வேண்டும். முதன்மை உருளையின் சிறு திரும்புதுளை அடைபட்டு அழுத்தம் தேங்கினாலும் இவ்வாறு வழுக்கும் என்பது ஒரு விதிவிலக்கு.

பழுதறிதல்

முதலில் கிண்ணத்தின் நீர்ம மட்டத்தைக் காண வேண்டும். இதில் பலரும் தவறுவர். பிரேக் கட்டைகள் தேயும்போது பிரேக் நீர்ம மட்டம் இறங்குவது இயல்பு. கிளட்ச்சில் இது தலைகீழ்: பிளேட்டுகள் தேயத் தேயத் தள்ளுகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவதால் மட்டம் சற்று உயரும். ஆகவே கிளட்ச் கிண்ணத்தில் மட்டம் இறங்கினால் அது கசிவே. நிரப்பிவிட்டு ஓட்டுவது தீர்வாகாது.

துணை உருளையைச் சுற்றி ஈரம் இருந்தால் அது எதன் கசிவு என அறிய வேண்டும். தள்ளுகோலின் சீல் வழியே எஞ்சின் எண்ணெயும் அவ்விடத்தில் கசியும். டாட் 4 நீர்மம் தண்ணீரில் கரையும், வண்ணப்பூச்சை அரிக்கும். எண்ணெய் தண்ணீரில் கரையாது மிதக்கும்.

கசிவு தென்படாவிட்டால், எஞ்சினை அணைத்து முதல் கியரில் பிடியை அழுத்தியபடி வண்டியைத் தள்ளிப் பார்க்கலாம். எளிதாக உருண்டால் கிளட்ச் பிரிகிறது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல இறுகினால் முதன்மை உருளையின் உட்புற இரப்பர் தேய்ந்து நீர்மம் பின்னோக்கி நழுவுகிறது எனலாம். இத்தகைய உருளை வேகமாக அழுத்தினால் வேலை செய்யும், மெல்ல அழுத்தினால் ஏமாற்றும். பலமுறை விரைந்து அழுத்திய பின் பிடி கெட்டிப்பட்டால் குழாயில் காற்று உள்ளது. வண்டி சூடானபின் மட்டும் பிடி தளர்ந்து, ஆறியதும் சரியானால் ஈரம் உறிஞ்சிய பழைய நீர்மம் கொதித்திருக்கக்கூடும்.

துணை உருளையைக் கழற்றிய நிலையில் பிடியை அழுத்தலாகாது. பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். அதன் பிஸ்டன் முழுத் தொலைவும் நகர்வதாகத் தெரிந்தும் கிளட்ச் பிரியாவிட்டால் நீர்ம அமைப்பில் குறையில்லை. ஒட்டிக்கொண்ட பிளேட்டுகளையோ அவற்றைத் தாங்கும் கூடையில் விழுந்த பள்ளங்களையோ தேட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில், நடுத்தாங்கியில் நிறுத்திய வண்டியின் பின்சக்கரம் சற்றுச் சுழல்வது எண்ணெயில் அமிழ்ந்த கிளட்ச்சுகளில் இயல்பானதே, பழுதன்று.

நீர்ம வகை

எல்லா வண்டிகளும் டாட் 4 ஏற்பதில்லை. 2004இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ் வண்டியின் கிளட்ச் கனிம எண்ணெயில் இயங்குவது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை ஊற்றினால் இரப்பர் சீல்கள் கெட்டு, சிறு பழுது இரு உருளைகளையும் மாற்றும் செலவாகிவிடும். எனவே கிண்ணத்தின் மூடியில் பொறித்திருப்பதை ஊற்றுமுன் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆர்1150ஜிஎஸ் போன்ற உலர் கிளட்ச் வண்டிகளில் துணை உருளை கியர்ப்பெட்டியின் பின்புறம் உள்ளது. அங்கு ஏற்படும் கசிவு வெளியே தெரியாமலே தள்ளுகோல் வழியாகச் சென்று பிளேட்டை நனைக்கலாம். அப்போது வழுக்கலுக்கும் நீர்ம அமைப்பே காரணமாகிறது.