சோறு தீர்ந்தால் தெரியும் வட்டங்கள்

திண்டுக்கல்லில் நண்பன் வீட்டில் காபி கொடுத்த கோப்பையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். நடுப்பகுதிக்கு வரவரக் கட்டங்கள் சிறுத்து வளைந்திருந்ததால், கோப்பைக்கு இடுப்பு ஒடுங்கியதுபோலத் தெரிந்தது. விரலால் தடவினேன். நேராகத்தான் இருந்தது. "வெள்ளைக்காரன் மூளையே தனி மாப்ள" என்றான்.

எனக்குப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு தட்டு நினைவுக்கு வந்தது. உடைந்த தட்டுதான். இரண்டாயிரம் வருடப் பழசு. மெல்லிய களிமண், வழவழப்பான சாம்பல் கறுப்பு. உள்ளே, அடியில், பொடிப்பொடிக் கீறல்களால் ஆன வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் வளையங்கள் சுழல ஆரம்பித்துவிடும். அந்த அலங்காரம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். தட்டில் எதையாவது பரிமாறிவிட்டால் அது மறைந்துபோகும். சாப்பிட்டு முடித்தவனுக்கு மட்டுமே தெரியும்.

இதற்கு ரௌலட்டட் மட்பாண்டம் என்று பெயர். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், பல் வைத்த சிறு சக்கரத்தை உருட்டி இந்தக் கீறல்களைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். அப்படிப்பட்ட உத்தி மத்தியதரைக் கடல் பக்கத்தில் உண்டு. அதே இடத்தில் இத்தாலியிலிருந்து வந்த அரிட்டைன் ஓடுகளும் கிடைத்திருந்தன. ஆகவே நல்ல தட்டுகள் கப்பலில் வந்தவை, மட்டமானவை உள்ளூர் நகல்கள் என்று முடிவு கட்டினார். பல வருடங்கள் நம் பாடப்புத்தகங்களும் இதையே சொல்லின.

விமலா பெக்லி 1980களில் இதை மறுபடி கிளறினார். தட்டின் வடிவம் இந்தியாவுக்கே உரியது, ரோம வணிகம் சூடு பிடிப்பதற்கு முன்பே இது புழங்கியிருக்கிறது என்றார். சக்கரமே தேவையில்லை என்று சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. பாதி காய்ந்த தட்டு திரிகையில் சுற்றும்போது வளையக்கூடிய ஒரு தகட்டை லேசாக வைத்தால், அது துள்ளித் துள்ளித் தானே கீறிக்கொண்டு போகும்.

இதுவரை சொன்னதும் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ நம்ம ஆளு செஞ்சதுதான!"

அதுவும் இல்லை. 1997இல் விஷ்வாஸ் கோக்டே களிமண்ணைச் சோதித்துப் பார்த்தார். அரிக்கமேட்டுத் தட்டுகளின் மண், வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதி மண்ணோடு பொருந்தியது. அழகன்குளம், அனுராதபுரம், பாலித் தீவின் செம்பிரான் வரை அந்தத் தட்டுகள் போயிருக்கின்றன. வீலருக்கு ரோம் தெரிந்தது, நமக்கு நம்ம ஊர் தெரிந்தது. கங்கைச் சமவெளியின் குயவன் யார் கண்ணிலும் படவில்லை.

"சரி, நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லையா?"

ஏன் இல்லை! பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் பொருந்தல் இருக்கிறது. 2009, 2010இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே அகழ்ந்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் வைத்த ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. கரிமக் கணிப்பு அதற்குப் பொ.ஆ.மு. 490 என்று காலம் சொன்னது. பக்கத்தில் பானையை உட்கார வைக்கும் மண் வளையம், நம் பாட்டிகள் வைக்கோலில் முறுக்கிய பிரிமணை மாதிரி. அதில் தமிழ் பிராமியில் 'வய்ர' என்று கீறியிருந்தார்கள்.

அந்தக் காலத்துக் கல்லறைகளில் பரவலாகக் கிடைக்கும் கறுப்பு சிவப்புப் பானையும் ஒரு கண்கட்டு வித்தைதான். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. இரண்டு பானையை ஒட்டியதுபோல இருக்கும். ஆனால் மண் ஒன்று, சூளை ஒன்று. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் புகாத வாயும் உட்புறமும் கறுக்கின்றன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கிறது என்பதே பொதுவான விளக்கம். வண்ணமே பூசாமல் காற்றையும் நெருப்பையும் வைத்துச் செய்த வேலை. செய்த கை யாருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

காபி தீர்ந்தது. கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர்: குர்ஜா, உத்தரப் பிரதேசம்.

நண்பன் அதை வாங்கி, கட்டங்களை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தான்.