வில்லோ கதிர்க்குருவியும் வெள்ளி ஒய் அந்துப்பூச்சியும்

வில்லோ கதிர்க்குருவி ஒரு சிறிய பாடும் பறவை ஆகும். வெள்ளி ஒய் (ஆட்டோகிராபா காமா) என்பது முன்னிறகில் கிரேக்க எழுத்தான காமாவை ஒத்த வெண்குறி உடைய அந்துப்பூச்சி. இரண்டும் வட ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்து, இலையுதிர் காலத்தில் இரவில் தெற்கே வலசை போகின்றன.

இத்தகைய பாடும் பறவைகளின் சொந்தப் பறப்பு வேகம் இப்பூச்சியினுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே பூச்சி வெகுவாகப் பின்தங்கும் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் சுவீடனில் பறவைகளையும் இங்கிலாந்தில் இப்பூச்சிகளையும் ரேடாரால் அளந்து 2011இல் வெளியான ஆய்வின்படி, தரையைப் பொறுத்த அவற்றின் வேகம் ஒத்ததே: மணிக்கு 30 முதல் 65 கி.மீ. வரை. ஏற்ற திசையில் காற்று வீசும் இரவுகளிலேயே பூச்சி பெரும்பாலும் மேலெழுகிறது; காற்று விரைவாக உள்ள உயரத்தையும் தேர்கிறது. பறவையோ பக்கக் காற்றிலும் புறப்பட்டுவிடும்.

பறவை அடுத்த இளவேனிலில் தானே திரும்பி வரும். பூச்சிகளில், வடக்கே வந்தவற்றின் வழித்தோன்றல்களே தெற்கே மீள்கின்றன.